மஹீரா ஏன் சுவரைப் பிடித்தாள்

அயனம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைதிலிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மனோகரனும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் உடம்பைப் பற்றி வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவேன், இந்த முறை முடியாது, அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நெட்வொர்க் போகவில்லை, நான்தான் கட் செய்தேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடியில் குடியிருக்கும் நஜ்மாவின் பெண் மஹீராவுக்கு பேலன்ஸ் சரியில்லை என்று பள்ளியில் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஐந்து வயதுக் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாளாம், ஒன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறதாம், பரிசோதித்து எழுதி வாங்கி வராவிட்டால் இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே உட்காரட்டும் என்கிறார்கள். நஜ்மா என் சமையலறையில் நின்று, எம் பொண்ணு நல்லாத்தானேம்மா கீறா, இன்னாம்மா இப்டி சொல்றாங்க என்று அழுதாள். குழந்தைகளுக்கு இதையெல்லாம் பார்ப்பதே என் பெண்ணின் வேலை என்று பெருமையடித்துக்கொண்டு உன்னைக் கேட்டது நான்தான். அதற்காக நீ என்னை இப்படிப் பாடாய்ப் படுத்தியிருக்க வேண்டாம். தரையில் நீளமாக டேப் ஒட்டு, குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடுகிறதா பார், இடுப்பில் கைவைத்து ஒற்றைக்காலில் நிற்க வை, போனை முழங்கால் உயரத்தில் பிடி. முழங்கால் உயரத்தில் போனைப் பிடிக்க நான் எப்படிக் குனிவேன் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? டேப்பின் பசை மொசைக்கில் ஒட்டிக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் பத்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, அவள் முணுமுணுப்பை வேறு நான் கேட்க வேண்டியிருக்கிறது. மஹீராவோ ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றாள். போதுமா பாட்டி, கால மாத்தவா என்று என்னையே கேட்டாள். நொண்டியடித்துக் கூடத்தைச் சுற்றி வந்தாள். நடக்கச் சொன்னால் மட்டும் நேரே சுவரோரம் போய் உள்ளங்கையை வைத்து, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. நீ அங்கிருந்து சிரித்துக்கொண்டே, குழந்தைக்கு ஒன்றுமில்லை, யாரையோ பார்த்துச் செய்கிறாள், அந்த வீட்டில் யாரம்மா இப்படி நடக்கிறார்கள் என்றாய். போனை அணைத்தேன். மஹீரா என்னைப் பார்த்து, நீங்க இப்டித்தான பாட்டி நடந்துகினு வருவீங்க என்றாள். நடந்துகினு இல்லை, நடந்துகொண்டு என்று திருத்தினேன்.

பொங்கலுக்கு முன்பு குளியலறையில் விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. உன்னிடம் சொன்னால் வீட்டை விற்றுவிட்டு இங்கே வா என்பாய், உன் அப்பா பேக்டரியில் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய வீடு. அன்றிலிருந்து என் கை தானாகச் சுவரைத் தேடுகிறது. நஜ்மா வேலையிலிருந்து வரும்வரை அந்தக் குழந்தை என் பின்னாலேயே திரிகிறாள், கௌரவமாக நடப்பது என்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். கான்வென்டில் தலையில் புத்தகம் வைத்து சிஸ்டரிடம் நடை பழகியவள் நான், என்னைப் பார்த்து ஒரு குழந்தை கற்றுக்கொண்டது இது! நீ எழுதி அனுப்பிய சான்றைப் படித்துவிட்டு பள்ளியில் அவளுடைய மிஸ், போனில் பார்த்ததை எப்படி ஏற்பது என்றாளாம். அதனால் நேற்று நானே ஆட்டோவில் பள்ளிக்குப் போனேன். கஞ்சி போட்ட புடவை, முத்துத்தோடு, எல்லாம் சரியாக. மிஸ்ஸையும் நஜ்மாவையும் மாடிப்படிக்குக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு மஹீராவும் நானும் மேலிருந்து இறங்கினோம். ஒரே சுவர், ஒரே நடை. நன்றாகப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக இறங்கினேன். சிரிக்கப் போன மிஸ் என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். இப்போது உன் நடையில் ஓடு என்றேன் மஹீராவிடம். எதையும் தொடாமல் மேலே ஓடி, திரும்பவும் ஓடி வந்தாள். ஜூனில் ஒன்றாம் வகுப்புதான். ஆட்டோவில் நஜ்மா, விழுந்தத எங்கிட்டகூட சொல்லலியே, நான் மேலதான கீறேன் என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை அம்பத்தூரில் பிசியோதெரபிக்கு அவளே கூட்டிப்போகிறாள். நீ டிக்கெட் போடாதே, வீட்டுப் பேச்சையும் எடுக்காதே. உன் டேப் வேலை வீணாகவில்லை, பத்மா தேய்த்த இடத்திலேயே மஹீரா புது டேப் ஒட்டி, என்னை நடக்க வைத்துப் பக்கத்தில் நிற்கிறாள், சொவுத்தத் தொட்டா அவுட்டு பாட்டி என்கிறாள், கொஞ்சமும் இரக்கம் கிடையாது. மனோகரனை நிமிர்ந்து உட்காரச் சொல். உன் குளியலறையில் வழுக்காத மிதியடி போட்டிருக்கிறாயா என்று பார்த்து எழுது. கர்த்தர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்று காலை கேட்வரை அவுட் ஆகாமல் போய்வந்த
உன் அம்மா,
வசந்தா கஜபதி