எந்தப் பந்தி நமக்கு?

என் உயிர் மச்சான் செல்வராசுக்கு,

நீ போய் இரண்டு வருசமாகிறது. இப்போதுதான் எழுதக் கை வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் இந்த முறை மழை பிந்திவிட்டது, கொழுந்து மட்டம். தலவாக்கலை பஸ் இன்னமும் நேரத்துக்கு வருவதில்லை.

கேள், நான் இந்தியாவுக்குப் போய்வந்தேன். காசிக்குப் போன கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பினேன். கூட வந்த வழிகாட்டி அமிர்தசரஸையும் காட்டிவிட்டார். அங்கேதான் சீக்கியர்களுடைய பொற்கோயில் இருக்கிறது. தலைப்பாக்காரர் கோயிலில் நமக்கென்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே!

வாசலில் கால் நனைத்து, தலையில் துணி கட்டச் சொன்னார்கள். என் கைக்குட்டை இந்த வழுக்கையில் நின்றால்தானே. நம் கோயிலுக்குப் படி ஏறிப் போவோம், அங்கே படி இறங்கவேண்டும். குளத்து நடுவில் கோயில், நாலு பக்கமும் வாசல். ஏன் நாலு என்று கேட்டேன். எந்தத் திசைக்காரனும் எந்தச் சாதிக்காரனும் வரலாம் என்பதற்காம். நாலாவது குரு குளத்தை வெட்டினாராம், ஐந்தாவது குரு கோயிலைக் கட்டினாராம். முதல் கல்லை வைத்தது ஒரு முஸ்லிம் பெரியவர் என்றும் சொல்கிறார்கள்.

உள்ளே சிலை கிடையாது. பட்டு விரித்து ஒரு புத்தகத்தை வைத்துப் பாடுகிறார்கள். அந்தப் புத்தகம்தான் இப்போது அவர்களுக்குக் குருவாம். அப்படியென்றால் முதல் மரியாதை யாருக்கு? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் வழிகாட்டி சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். ஆயிரம் பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பழக்கதோசத்தில் ஓரமாக நின்று, "எந்தப் பந்திங்க நமக்கு?" என்று கேட்டேன்.

"இங்க எந்தப் பந்தின்னே கிடையாதுங்க. எடம் இருந்தா உக்காருங்க" என்றார் அவர்.

முதலில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடு, அப்புறம் என்னைப் பார் என்று மூன்றாவது குரு விதித்திருந்தாராம். பேரரசரே வந்தாலும் தரைதானாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாரையாவது எழுப்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். யாரையும் எழுப்பவில்லை. ஒரு தாடிக்காரப் பெரியவர் வந்து என் தோளைத் தொட்டு, வாசலில் செருப்பு வாங்கி வைத்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ரொட்டியை இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்கவேண்டும். வாங்கியதும் உன் நினைவுதான் வந்தது.

நம் மாரியம்மன் திருவிழாவில் விடிந்ததிலிருந்து உன் அப்பா தப்பு மேளம் அடிப்பார். அடித்து முடித்தால் உங்கள் குடும்பத்துக்குக் கடைசிப் பந்தி. அதை வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு வருசம் நீ முதல் பந்தியில் உட்கார்ந்தாய். கோயில் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். இலை போட்டாயிற்று. எல்லார் முன்னாலும் உன் தோளைத் தொட்டு, "அடுத்த பந்தியில உக்காரு மச்சான்" என்றேன். நீ எழுந்து போனாய். அப்புறம் சாகும்வரை கோயில் சாப்பாட்டில் நீ கை நனைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரே பஸ்ஸில்தானே போனோம், சிரித்துப் பேசினோம்? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வெட்கமாக இருக்கிறது, செல்வராசு.

ஊருக்கு வந்ததும் கமிட்டியைக் கூட்டி, இனி எல்லாருக்கும் ஒரே பந்தி என்று சண்டை பிடித்தேன். பழக்கத்தை மாற்றினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று இரண்டு பேர் இழுத்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோசத்தோடு உன் லயத்து வீட்டுக்குப் போய், நான் செய்தது பிழை, இந்த வருசம் பிள்ளைகளோடு வாம்மா என்று உன் மனைவி லெட்சுமியைக் கூப்பிட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முழுக்கக் கேட்டாள்.

"அண்ணே, அவர எந்திரிக்கச் சொன்னப்ப எல்லாரும் பாக்கத்தானே சொன்னீங்க. பிழைன்னு மட்டும் ஏன் எங்க வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க?"

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை திருவிழாச் சாப்பாடு. இலை போடுமுன் மைக்கை வாங்கி, உன் பேரையும் என் பேரையும் சொல்லி, நான் செய்ததைச் சொல்வேன். லெட்சுமி வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்றைக்கு உன்னை எழுப்பிவிட்ட மச்சான்,
தங்கவேலு