நான் காணாத உங்கள் நாட்டின் மேல் எனக்குப் பொறாமை

என் அன்பானவரே,

போன ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். லூயிஷாம் கோவிலில் பூசை முடித்து, வந்தவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். லண்டனின் வடக்கே எட்மண்டனிலிருந்து சுகந்தி என்றொரு பெண்ணும் வந்திருந்தாள். வன்னியில் உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளாம். அவளைப் பற்றி நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே?

"சேர் பாடத் தொடங்கினா பக்கத்து வகுப்புப் பிள்ளையளும் யன்னலடியிலை வந்து நிப்பினம்" என்று உங்களைப் பற்றிச் சொன்னாள்.

மகள் கண்களை விரித்தாள். "அப்பா பாடினவரா? சீரியஸா?"

எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்த வீட்டில் நீங்கள் ஒரு வரிகூட முணுமுணுத்ததில்லை.

கல்யாணமான கையோடு நான் லண்டன் வந்தேன். நீங்களும் வாங்கோ என்று போனில் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! போராளிகள் பிடித்து ஆண்ட அந்த நிலத்தில் சொந்தமாய்க் கோர்ட்டும் வங்கியும் பொலிசும் இருப்பதைப் பெருமையாய்ச் சொல்வீர்கள். "எங்கட நாடு இப்பத்தான் எழும்புது. விட்டிட்டு வர ஏலாது." இன்னொருத்தியிடம் தோற்றிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒரு நாட்டோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சில வருடங்களில் அது விழுந்தது. முகாமில் கிடந்து, பிறகு என்னிடம் வந்தீர்கள். அது தின்ற மிச்சம்தான் எனக்கு என்று நினைத்தேன்.

குசினி அடுப்படியில் சுகந்தியைத் தனியே பிடித்தேன். "என்னைப் பற்றி எப்பவாவது கதைச்சவரோ?"

அவள் பொய் சொல்லவில்லை. "இல்லை அக்கா. லண்டனிலை மனுசி இருக்கிறா எண்டு மட்டும் தெரியும்." கதவைச் சாத்திவிட்டுத் தொடர்ந்தாள். "கடைசியிலை வீடு வீடாப் பிள்ளையளைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. எங்கட ஆக்கள்தான். பள்ளிக்கூடத்துக்கும் வந்தவை. சேர் வாசலிலை குறுக்க நிண்டவர். அவரை அடிச்சுத் தள்ளிப்போட்டு, அவரின்ர வகுப்புப் பெட்டைப்பிள்ளை ஒண்டை இழுத்துக்கொண்டு போயிட்டினம். அண்டைய நாளோட பாட்டை விட்டிட்டார்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை? உங்கள் நாடு உங்களைக் கைவிட்டது என்று நான் சந்தோசப்படுவேன் என்றா?

உண்மையைச் சொன்னால், பொறாமை இன்னும் அடங்கவில்லை. உங்கள் குரலைச் சுகந்தி கேட்டிருக்கிறாள். நீங்கள் குறுக்கே நின்றதைக் கண்டிருக்கிறாள். கட்டிய எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

"அடுத்த கிழமையும் வாரும். எல்லாத்தையும் சொல்லும்" என்று அவளை அனுப்பினேன். மகளும் பக்கத்தில் இருப்பாள். பெருமையானதையும் சொல்லக் கூசுவதையும் சேர்த்தே கேட்போம். வயிறு எரிந்தாலும் இடையில் எழும்பிப் போகமாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் மனுசி,
வதனி