ராணி ரூபாயின் இரண்டு விலை

இன்று காலை ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. மேலே உங்கள் பழுப்புக் கோட்டு, அதற்கு அடியில் என் மாம்பழ நிறப் பட்டு. இரண்டும் திருப்பதிக்குப் போகிற நாளில் மட்டும் வெளியே வருபவை. கோட்டின் உள்பையில் கைவிட்டேன். ராணி ரூபாய் நீங்கள் சுற்றிவைத்த துணியோடு அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறதே, இன்னுமா என்று கேட்காதீர்கள். ஆமாம், இன்னும்தான்.

இந்தக் காசு நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சித்தூர்க் கடைத்தெருவில் ஆசாரி உருக்க வைத்திருந்த வெள்ளிக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தீர்கள். ஒரு விக்டோரியா ராணி ரூபாய்க்கு இத்தனை முகமலர்ச்சியா என்று எனக்கு எரிச்சல்.

"இதுல இன்னா அதிசயம்?" என்றேன்.

"ராணி மூஞ்சிய வுடு. பின்னால திருப்பு. வருசத்துக்குக் கீழ புள்ளி தெரியுதா? அதுலதான் விலையே இருக்கு."

"புள்ளியா, அழுக்கா?"

"அதத்தான் நானும் காலையில இருந்து பாத்துக்கினு இருக்கேன்!"

1862 என்ற ஆண்டை மாற்றாமலே பல வருடம் அந்த ரூபாயை அடித்தார்கள் என்றும், எந்த வருடத்துக் காசு என்பதைப் புள்ளிகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். புள்ளி கூடினால் ஒரு விலை, குறைந்தால் ஒரு விலை. அன்று சோறு ஆறிப்போனது. நான் திட்டினேன், நீங்கள் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விலையைத் தெரிந்துகொள்வது புள்ளியை எண்ணுவதைவிடப் பெரும்பாடாக இருந்தது. தங்கம், வெள்ளி விலை பேப்பரில் வரும். புள்ளிக்கு எந்தப் பேப்பரில் விலை போடுகிறார்கள்? மெட்ராஸிலிருந்து தபாலில் வரவழைத்த விலைப் புத்தகம் எல்லா ராணி ரூபாய்க்கும் ஒரே விலை போட்டிருந்தது. பம்பாயிலிருந்து வந்த பட்டியலில் புள்ளிக்குத் தனி விலை இருந்தது. ஆனால் அதை அச்சடித்தவரே காசு விற்கிறவர். "விக்கிறவன் எழுதின விலை. நாம எட்த்துக்கினு போனா இதே விலைக்கு வாங்குவானா?" என்று அதையும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். கடைகளிலோ, விற்கப் போனால் மட்டம் தட்டுவார்கள், வாங்கப் போனால் தலைமேல் தூக்கிவைப்பார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒருவர் விற்கப் போக வேண்டும், சற்று நேரம் கழித்து மற்றவர் அதே மாதிரிக் காசு வேண்டும் என்று வாங்கப் போக வேண்டும். இருவரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். சித்தூரில் நம்மைத் தெரியாதவர் இல்லை என்பதால் திருப்பதி. நம் சர்ச் சபையில் எத்தனை பேர் கேட்டார்கள், "ரெண்டு பேரும் அடிக்கடி திருப்பதி போறீங்களாமே?" என்று! பஸ் முழுக்க கோவிந்தா கோவிந்தா என்று கூவிக்கொண்டு வர, நடுவில் வேதாகமப் பையோடு நாம் இருவர். எனக்கு வெட்கமாக இருக்கும். உங்களுக்கு அதெல்லாம் கிடையாது.

கோயில் பக்கத்துச் சந்தில் அந்தப் பித்தளைக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய காசுகள். நீங்கள் முதலில் போய், விற்பது மாதிரி கேட்டு, "யோசிச்சி சொல்றேன்" என்று வந்துவிடுவீர்கள். பிறகு நான் போய், புள்ளி வைத்த ராணி ரூபாய் கிடைத்தால் என்ன விலை ஆகும் என்று கேட்பேன். குளக்கரை டீக்கடையில் இரண்டு விலையையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்பார்ப்போம். "உண்மை ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ குந்திக்கினு இருக்கு" என்பீர்கள். வருடத்துக்கு ஓரிரு முறை இப்படிப் போனோமே தவிர, காசை ஒரு நாளும் விற்கவில்லை.

ஒரு தரம் கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "இப்பதாம்மா ஒருத்தர் அதே மாதிரி காச எட்த்துக்கினு வந்தாரு. பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன்." நான் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும் வரை நீங்கள் என்னோடு பேசவில்லை.

கடைசியாகப் போனது உங்களுக்கு இருமல் முற்றிய பிறகு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "எனக்கப்புறம் எவனாவது வந்து உன்ன ஏமாத்திட்டுப் போயிடுவான். விலைய சரியா தெரிஞ்சிக்கினு வந்துடலாம்." அன்று முறையை மாற்றினீர்கள். நான் விற்கப் போனேன், நீங்கள் வாங்கப் போனீர்கள். உள்ளே வெகுநேரம் இருந்தீர்கள். வெளியே வந்ததும் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, "இவன நம்பலாம்" என்றீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டீர்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தீர்கள். அசதி என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய காசு இருக்கிறதாமே, நல்ல விலை தருகிறேன் என்று ஒரு தொகையும் சொன்னார். நீங்கள் பயந்தபடியே ஆகிறதே என்று, அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, இன்று தனியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. காசை நீட்டி, விற்பதற்கு என்றேன். அவர் காசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சார் போயிட்டாராம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த சாரு?"

"உங்க வீட்டுக்காரரும்மா. ரெண்டாந்தரம் வந்தப்பவே தெரியும். அவரு வந்தாலும் பாச்சை உருண்டை வாசன, நீங்க வந்தாலும் அதே வாசன. ஒரே பெட்டித் துணி. தெரிஞ்சிக்கினேதான் ஒண்ணும் தெரியாத மனுசன்னு உங்ககிட்ட வெளையாட்டுக்கு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய சாமர்த்தியசாலிகள் நாம்!

"கடைசியா வந்தப்ப அவரே சொல்லிட்டாரும்மா. இப்ப வந்துட்டுப் போனது என் சம்சாரம், எனக்கு ரொம்ப நாள் இல்ல, அடுத்த தரம் அவ தனியா வருவா, வாங்குற விலை, விக்கிற விலை ரெண்டுத்தையும் நீங்களே சொல்லிடுங்கன்னு கையப் புடிச்சிக்கினாரு."

ஏன், என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? குணமாகிவிடும் என்று என்னைக் கஞ்சியும் நம்பிக்கையுமாகக் கொடுக்கவிட்டு, சாகப்போகிறேன் என்பதைப் பித்தளைக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே உங்கள் மேல் எனக்கு அத்தனை கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட ஆள் இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

அவர் லென்ஸை எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தார். தான் வாங்கினால் கொடுக்கக்கூடிய விலையைச் சொன்னார். மெட்ராஸ்காரர் சொன்னதைவிட அது மிக அதிகம். "இதையே நான் வித்தா..." என்று தொடங்கினார்.

"சொல்லாதீங்க" என்றேன்.

"அவரு கேட்டுக்கினாரும்மா, ரெண்டையும் சொல்லச் சொல்லி."

"தெரியும். ஆனா அத கடைய வுட்டு வெளிய வந்து எங்கிட்ட சொல்றது அவரு வேலை."

அவர் காசைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். குளக்கரை டீக்கடைக்கு வந்து, பழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். ஒன்றைக் குடித்தேன். மற்றது ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

மெட்ராஸ்காரர் வந்தால் காசு விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிடுவேன். இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது, கவலைப்படாதீர்கள். ராணி ரூபாயை மறுபடி உங்கள் கோட்டுப் பையில் போட்டு, புதுப் பாச்சை உருண்டை வைத்து, கோட்டையும் பட்டையும் சேர்த்தே மடித்து வைத்துவிட்டேன். ஒரு விலை என்னிடம் இருக்கிறது. இன்னொன்றை நீங்கள்தான் வெளியே வந்து சொல்ல வேண்டும்.