அப்பா தேர்தலிலை இருந்து விலகின கதை

மிற்சம், லண்டன்
13.11.94, ஞாயிறு

என்ரை ராசா யோகனுக்கு அம்மா எழுதிறது,

நீயும் பியற்றிஸும் குஞ்சு அனிற்றாவும் ஒரு அந்தரமும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு காலமை விளக்கு வைச்சுக் கும்பிட்டிட்டுத்தான் இதை எழுத இருக்கிறன். இஞ்சை எங்கடை உடம்புக்கு ஒண்டும் இல்லை. அப்பாவின்ரை சீனி வருத்தம் குளுசையோடை ஒரு கட்டுக்குள்ளை நிக்குது, எனக்கு இந்தக் குளிருக்கு முழங்கால் கொஞ்சம் பிடிக்குது, அவ்வளவுதான். மனம் மட்டும் சுகமில்லை, அதை மறைச்சு எழுத எனக்கு ஏலாது. வியாழக்கிழமை பின்னேரம் பியற்றிஸ் ரெலிபோன் எடுத்தவ. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு, கிளினிக்குக்கு ஷிப்ட் போக முதல் எடுத்ததாம். உனக்குச் சொல்லாமல்தான் எடுத்திருப்பா எண்டு நினைக்கிறன், அதுக்காக அவவோடை கோவிச்சுப்போடாதை. என்ரை அரைகுறை இங்கிலிசுக்கு ஏத்தமாதிரி மெல்ல மெல்லச் சொன்னா, இடையிலை அழுதவ, பிறகு மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் அழுதவ. புதன்கிழமை விடியக் காலமை அனிற்றா பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனதாம், கராஜ் கதவிலை உன்ரை தேர்தல் போஸ்ரரை ஆணி அடிச்சு வைச்சிருந்ததாம், அதிலை உன்ரை ரண்டு கண்ணையும் நெருப்பாலை சுட்டு ஓட்டையாக்கி இருந்ததாம். பிள்ளை உள்ளை ஓடிவந்து, அப்பாவுக்குக் கண் தெரியுமோ எண்டு கேட்டதாம். ஆறு வயதுப் பிள்ளை, யோகன். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போச்சுதாம், ரெலிபோன் அடிக்குதாம், எடுத்தால் ஒருத்தரும் கதைக்கினம் இல்லையாம். நீ போஸ்ரரைக் கழட்டிக் குப்பையிலை போட்டிட்டு, உது ஒண்டுமில்லை, தொண்ணூற்றாறிலை திரும்ப நிப்பன் எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போனியாம்.

உங்கடை தேர்தல் முடிவு எங்களுக்கு அதுக்கு முதலே தெரியும். அப்பா காலமையிலை வேலை செய்யிற பேப்பர்க் கடை கிறிஸ்துராஜா வியாழக்கிழமைப் பேப்பரிலை அமெரிக்காப் பக்கத்தைத் தனியாய் எடுத்து வைச்சுக் குடுத்திருக்கிறார். ஜனாதிபதியின்ரை கட்சிக்கு நாடு முழுக்க அடி, நாற்பது வருசத்துக்குப் பிறகு மற்றவையின்ரை கை ஓங்கிச்சுது எண்டு பெரிய எழுத்திலை கிடந்தது. கலிபோர்னியாவிலை விசாப் பேப்பர் இல்லாத சனத்தின்ரை பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை மருந்தும் இல்லை எண்ட அந்த நூற்றி எண்பத்தேழாம் சட்டமும் சனத்தின்ரை வோட்டாலையே வெண்டிட்டுது எண்டும் கிடந்தது. நீ அதை எதிர்த்துத்தானே உங்கடை ஊர்ச் சபைக்கு நிண்டனீ. புதன்கிழமையிலை இருந்து தாய்மார் ஊசி போடப் பிள்ளையளைக் கொண்டு வருகினமில்லை, கிளினிக்கிலை கதிரையெல்லாம் வெறுமையாய்க் கிடக்குது எண்டு பியற்றிஸ் சொன்னா. உன்ரை பேர் பேப்பரிலை இல்லை, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மூண்டுதரம் பார்த்தவர், ஏன் பாக்கிறார் எண்டு தனக்கே தெரியாத மாதிரி. உனக்கு ஆயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம், மெகாபோனோடை சுப்பர்மார்க்கற் கார்ப் பார்க்கிலை நிண்டு, வந்த சனத்தைத் துரத்து எண்டு கத்தின அந்த மனிசனுக்குப் பதினோராயிரம் எண்டு பியற்றிஸ்தான் சொன்னவ. செப்ரெம்பரிலை நீ எனக்கு எழுதினது நினைவிருக்கோ, அந்த ஆளுக்கு அவரின்ரை மனிசியும் வோட்டுப் போடமாட்டா எண்டு. பதினோராயிரம் பேர் போட்டிருக்கினம். அந்த ஆள் வெல்லேல்லை, மூண்டாம் ஆளாய்த்தான் வந்தவர், ஆனால் அந்தப் பதினோராயிரம் பேரும் உங்கடை ஊரிலைதான் இருக்கினம், உன்ரை வீடு எது எண்டும் அதிலை ஆருக்கோ தெரியும். இஞ்சையும் போன வருசம் கிழக்கு லண்டனிலை கவுன்சிலுக்கு நிண்ட இனவெறிக் கட்சிக்காரனைப் பார்த்து எல்லாரும் சிரிச்சவை, ஏழு வோட்டாலை வெண்டு போனான். அந்தக் கிழமைதான் பஸ் ஸ்ரொப்பிலை ஒருத்தன் என்ரை சேலையிலை துப்பினவன். உனக்கு நான் சொல்லேல்லை. இந்த மே மாதம் அங்கத்தைச் சனம் வரிசையிலை நிண்டு வோட்டுப் போட்டு அவனைத் தோக்கடிச்சுது, அண்டைக்கு எங்களுக்கும் இஞ்சை வோட்டு இருந்தது, நான் வேலை முடிஞ்ச கையோடை போய்ப் போட்டிட்டு வந்தன், அப்பா வரேல்லை. வோட்டுக் கார்ட்டை மேசை லாச்சிக்குள்ளை போட்டு மூடிப்போட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு அவர் ஒரு வோட்டும் போட்டதில்லை.

இனி நான் எழுத வந்ததுக்கு வாறன். ஒக்ரோபரிலை உன்ரை தேர்தல் நோட்டீஸ் தபாலிலை வந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை, அப்பா உன்னோடை கதைக்கேக்கை, உனக்கு மனிசி பிள்ளை இருக்கு, உது உனக்குத் தேவையில்லாத வேலை, விட்டிடு எண்டு சொன்னவர். அதுக்கு நீ, எண்பத்து மூண்டிலை நீங்கள் பயந்து பேப்பரிலை போட்டு விலகினனீங்கள், என்னையும் அப்பிடிச் செய்யச் சொல்லாதேங்கோ எண்டு கேட்டனீ. நான் பக்கத்திலை நிண்டனான், உன்ரை குரல் ரெலிபோனுக்கு வெளியாலை கேட்டது. அப்பா ஓம் எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவர், ரெலிபோனை என்ரை கையிலை தந்திட்டுப் பின்வளவுக்குப் போயிட்டார். நீ என்னட்டை இஞ்சை மழையோ எண்டு கேட்டாய், நானும் ஓம் மழை எண்டன். அண்டைக்கு மழை இல்லை. ஐஞ்சு கிழமை ஆச்சுது, ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடிச்சால் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கப் போறார். யோகன், அப்பா விலகேல்லை. அவரை விலக்கினது நான். நீ அப்ப அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் ரண்டாம் வருசம், உனக்கு எழுதின கடிதத்திலை சூழ்நிலை சரியில்லை எண்டு மட்டும் எழுதினனாங்கள், மிச்சத்தை நீ ஊராக்களிட்டைக் கேட்டு அறிஞ்சாய், அவையும் பாலேந்திரா மாஸ்ரர் பயந்திட்டார் எண்டுதான் சொல்லியிருப்பினம்.

நடந்தது இதுதான். சந்தைக்குப் பக்கத்திலை கழிவு வாய்க்கால் அடைச்சு நாலைஞ்சு பிள்ளையளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது, அதிலை ஒண்டு அப்பாவின்ரை வகுப்புப் பிள்ளை, செத்துப்போச்சுது. அதுக்குப் பிறகுதான் அவர் நகரசபைத் தேர்தலுக்குச் சுயேச்சைப் பட்டியலிலை பேர் குடுத்தவர். என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. குடுத்துப்போட்டு வந்து, தவம், தேத்தண்ணி போடு, நான் நிக்கிறன் எண்டு சொன்னவர். ஒருத்தரும் தேர்தலிலை நிக்கக்கூடாது எண்டு இயக்கப் பொடியள் நோட்டீஸ் ஒட்டியிருந்த நேரம் அது. வேறை ஒரு ஊரிலை நிண்டவரைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டு செய்தி வந்தது. இவர் வாய்க்காலுக்கு எத்தினை அடி குழாய் வேணும் எண்டு கொப்பியிலை கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் பின்னேரம் அவர் ரியூசனுக்குப் போயிருக்கேக்கை ரண்டு பேர் சைக்கிளிலை வந்தவங்கள். மரியாதையாய்த்தான் கதைச்சவங்கள், அதுதான் எனக்கு இப்பவும் பயம். அக்கா, மாஸ்ரர் நல்ல மனிசன், எங்கடை தம்பியையும் படிப்பிச்சவர், அவரை விலகச் சொல்லுங்கோ, மூண்டு நாள் ரைம் எண்டாங்கள். ஒருத்தன் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுச் செம்பைக் கழுவித் தந்திட்டுப் போனவன். அப்பா வந்த உடனை சொன்னன். அவர், ஆரோ சும்மா வெருட்டுறாங்கள், என்னட்டைப் படிச்ச பிள்ளையள் எனக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டிட்டுக் கை கழுவிச் சாப்பிட இருந்திட்டார். அழுதன், கத்தினன், காலிலை விழவும் பார்த்தன். ஏலாமல் போச்சுது.

மூண்டாம் நாள் காலமை அவர் பள்ளிக்கூடம் போனாப்பிறகு, அவரின்ரை கொப்பியிலை ஒரு ஒற்றையைக் கிழிச்சு, தனிப்பட்ட காரணங்களால் நகரசபைத் தேர்தற் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் எண்டு எழுதி, அவரின்ரை கையெழுத்தை நானே வைச்சன். முதல் அடுப்படியிலை பழைய பேப்பரிலை எத்தினையோ தரம் பழகிப் பார்த்தனான். பிறகு அந்தப் பழகின பேப்பரை எல்லாம் அடுப்பிலை போட்டிட்டு பஸ் எடுத்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்ப் பேப்பர்க் கந்தோரிலை குடுத்தன். அங்கை விளம்பரம் எடுத்தவர் அப்பாட்டைப் படிச்ச ஒரு ஆள். சேர் வரேல்லையோ டீச்சரம்மா எண்டு கேட்டார், நான் டீச்சரும் இல்லை, மாஸ்ரரின்ரை மனிசி எண்டதாலை அப்பிடித்தான் கூப்பிடுவினம். சேருக்குக் காய்ச்சல் எண்டன். அடுத்தநாள் காலமை பேப்பர் வந்தது. அப்பா வாசலிலை நிண்டு வாசிச்சார், மடிச்சுக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். எனக்கு அடிப்பார், பேசுவார் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டன், ஒண்டும் இல்லை. பதினொரு நாள் என்னோடை கதைக்கேல்லை. சந்தையிலை ஆக்கள் முகத்துக்கு நேரை, மாஸ்ரர் தப்பிச்சியள் எண்டு சிரிச்சவை. வகுப்புப் பிள்ளை செத்த வீட்டுத் தேப்பன் றோட்டிலை கண்டிட்டு மற்றப் பக்கத்தாலை போனவர். இவர் ஒரு இடத்திலையும், அது நான் எழுதினதில்லை எண்டு வாய் திறக்கேல்லை. திறந்தால் விலகேல்லை எண்டு ஆகிடும், பொடியள் திரும்ப வருவாங்கள், அல்லது என்னைப் பிடிப்பாங்கள் எண்டு எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் எண்டு நான் விளங்கிக்கொண்டன். ரண்டு வருசத்தாலை இஞ்சை வந்து குரோய்டனிலை அகதி விண்ணப்பத்துக்கு வரிசையிலை நிக்கேக்கையும், கவுண்டரிலை இருந்த வெள்ளைக்காரி நீங்கள் அரசியலிலை ஈடுபட்டனீங்களோ எண்டு கேட்க, நிண்டனான், விலகினனான் எண்டுதான் சொன்னவர். பக்கத்திலை நான் இருந்தனான். எங்களுக்குள்ளை இண்டுவரைக்கும் இதைப்பற்றி ஒரு கதை இல்லை. பெத்த பிள்ளை பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லியும் அவர் ஓம் எண்டுதான் சொன்னவர். அதுக்கு மேலை என்னாலை வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாது.

நான் செய்தது பிழையோ சரியோ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது. அவர் உயிரோடை இருக்கிறார், அது தெரியும். வியாழக்கிழமை ரெலிபோனை வைச்ச உடனை, யோகன் இனி நிக்கக்கூடாது, சத்தியம் பண்ணு எண்டு உனக்கு எழுதத்தான் பேப்பர் எடுத்தனான். நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். ஒருதரம் ஒரு மனிசன்ரை பேரை அவருக்குத் தெரியாமல் வெட்டினனான், இன்னொருதரம் அந்த வேலையைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நில் எண்டும் சொல்லமாட்டன், நில்லாதை எண்டும் சொல்லமாட்டன். ஒண்டுதான் கேக்கிறன். அடுத்தமுறை எந்தப் பேப்பரிலையும் கையெழுத்து வைக்க முதல் பியற்றிஸை முன்னாலை இருத்திக் கேள், கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டிரு, அவ சொல்லி முடிக்கட்டும். அவவின்ரை தாய் தேப்பன் எல்லை தாண்டி வந்த ஆக்கள், உனக்குத் தெரிஞ்சதைவிட அவவுக்குக் கூடத் தெரியும். உது ஒண்டுமில்லை எண்டு அவவுக்குச் சொல்லாதை. எனக்கு அப்பிடிச் சொன்னபடியாலைதான் நான் பஸ் ஏறினனான்.

பிள்ளையைத் தனிய வாசலுக்கு விடாதை. கராஜுக்கு மேலை நல்ல வெளிச்சமாய் ஒரு லைற் பூட்டு, ரெலிபோன் நம்பரை மாத்து. இருமல் இருந்தால் கவனியாமல் விடாதை. அனிற்றாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடிச்சிட்டன், கை நீளமோ தெரியாது, அளவு எழுதச் சொல்லு. இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போறதில்லை, ஒட்டாமல் அப்பாவின்ரை கையிலை குடுத்து, வாசிச்சிட்டு நீங்களே தபாலிலை போடுங்கோ எண்டு சொல்லப்போறன். போடுவாரோ கிழிப்பாரோ தெரியாது. இது உன்ரை கைக்கு வந்தால் அவர் போட்டிருக்கிறார் எண்டு அர்த்தம். உங்களைச் சுத்தி ஒரு கெட்ட கண்ணும் படாமல் நயினை அம்மாள் காவல் நிக்கட்டும். மூண்டு பேரையும் நெஞ்சோடை அணைச்சு ஆசீர்வதிக்கிறன்.

உன்னைப் பெத்த அம்மா,
தவநாயகி

யோகன்,

அம்மா தந்ததை ரண்டுதரம் வாசிச்சன். எல்லாம் உண்மை, ஒண்டைத் தவிர. அது அவவுக்கே தெரியாது. அண்டைக்குப் பின்னேரம், பேப்பர் அச்சுக்குப் போக முதல், விளம்பரம் எடுத்த ஆள் சைக்கிளிலை பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். ஒற்றையைக் காட்டி, சேர், இது உங்கடை கையெழுத்துத்தானோ, எனக்குச் சந்தேகமாய்க் கிடக்கு, இல்லையெண்டால் இப்பவே நிப்பாட்டிப்போடுவன் எண்டு கேட்டவர். பார்த்த உடனை ஆர் எழுதினது எண்டு தெரிஞ்சுது. இல்லை எண்டு சொல்ல எனக்கு முழு நேரமும் இருந்தது. ஓம், என்ரைதான், போடுங்கோ எண்டன். அவர் போனாப்பிறகு ஒரு பாடம் முழுக்கப் படிப்பிக்காமல் கதிரையிலை இருந்தனான். பதினொரு நாள் நான் கதையாமல் இருந்தது கோவத்திலை இல்லை, அம்மாவின்ரை முகத்தைப் பார்க்க வெக்கத்திலை. பதினொரு வருசமாய் அவ தன்ரை குற்றம் எண்டு சுமந்ததையும் பார்த்துக்கொண்டு இருந்தன், சொல்லேல்லை.

ஆகவே நீ சொன்னது சரி. நான் பயந்தனான். அதாலைதான் உன்னையும் விடச் சொன்னனான். பியற்றிஸைக் கேட்டுச் செய் எண்டு அம்மா எழுதினதிலை எனக்குச் சேர்க்க ஒண்டுமில்லை. ஆயிரத்துத் தொளாயிரம் பேர் உன்ரை பேருக்கு நேரை அடையாளம் போட்டிருக்கினம். என்ரை பேருக்கு ஒருத்தரும் போட நான் விடேல்லை.

இதை அம்மா வாசிச்சாப்பிறகுதான் ஒட்டுவன். வாற ஞாயிற்றுக்கிழமை நானே ரெலிபோன் எடுப்பன்.

அப்பா