கேபினெட்டைத் தொடும்போது செருப்பு போடவும்

ஏப்ரல் 5, சனி

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்றோடு முழுசாகப் படுத்துவிட்டது. ஒரு வாரமாகவே மக்கர். நான்தான் தூசி தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

கையில் இருப்பது மாதா கோயிலில் நடந்த கல்யாணத்தின் ஆல்பம் டிசைன் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் மாசக் கடைசியில் துபாய் கிளம்புகிறார்கள். அதற்குள் வேண்டுமாம். போட்டோக்கள் தனி டிஸ்க்கில் பத்திரம், அது ஒன்றுதான் நிம்மதி. வீட்டில் மெஷின் இல்லையென்றால் திரும்ப ஸ்டூடியோ வேலைதான். காலை பஸ், மாலை பஸ், நடுவில் ஓனரின் மூஞ்சி. முடியாது.

வீட்டுக்காரர் சேகரிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கடைக்காரன் கட்டிக் கொடுக்கிற செட் வேண்டாம், ஒவ்வொரு பார்ட்டும் நானே பார்த்து எடுத்து நானே மாட்டுவேன் என்று. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் "இன்னமோ பண்ணு" என்றார். சம்மதம் என்று எழுதிக்கொள்கிறேன்.

அத்தைக்கு, சேகர் அம்மாவுக்கு, மறுபடி கை இழுப்பு. மாவு அரைத்துவிட்டு வந்து விரல்களை உதறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நரம்பு மாத்திரை தீரப்போகிறது, திங்கள் வாங்க வேண்டும். மாமா வழக்கம்போல, வேலை என்றால் மட்டும் இவளுக்கு நரம்பு இழுக்கும் என்று கிண்டல். மாடு கறக்கும்போது உதைக்கிறது என்றதும் அதற்கு உடனே டாக்டரை வரவழைத்தார். வெயில் தாங்காது என்று கொட்டகையில் அதற்கு ஃபேன் வேறு. எங்கள் ரூம் ஃபேன் கறகறவென்கிறது, கேட்பாரில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

வி.னூர் கம்ப்யூட்டர் கடை. மத்தியானம் வரை அங்கேயே. எடுத்தவை:

ப்ராசஸர் - நடுத்தரம். ஆல்பத்துக்குப் போதும்.
ரேம் - ஒரே பாக்கெட்டில் வரும் ஜோடி. இங்கொன்று அங்கொன்று பொறுக்கிப் போடுவது வேண்டாம்.
எஸ்.எஸ்.டி - வாரண்டி கார்டைப் படித்துப் பார்த்து.
மானிட்டர் - பழையதே. கலர் இன்னும் பொய் சொல்வதில்லை.
கேபினெட் - இரும்பு. கண்ணாடிக் கதவு, கலர் கலராக லைட்டு எரிவதைக் காட்டினார். வீட்டில் என்ன தேர்த் திருவிழாவா? வேண்டாம் என்றேன்.
எஸ்.எம்.பி.எஸ் - இதில்தான் தகராறு.

கேபினெட்டோடு வருவதே போதும், அந்தப் பணத்துக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்கிறார் கடைக்காரர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். எல்லார் மெஷினும் எதனால் சாகிறது என்று அவருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் கரண்டை அளந்து கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். சமைக்கிற ஆள் சரியில்லாத வீட்டில் நல்ல அரிசி வாங்கி என்ன பிரயோஜனம். அதுவும் எங்கள் ஊர் கரண்டு! கழனியில் மோட்டார் போட்டால் வீட்டில் ட்யூப் லைட் கண்ணடிக்கும். ரெண்டு டப்பாவையும் கையில் தூக்கிப் பார்த்தேன். எது கனமாகவும் ஒயர் தடிமனாகவும் இருந்ததோ அதைத்தான் எடுத்தேன். கூடவே நல்ல மூணு பின் பவர் ஒயர், அதைச் செருக ஸ்பைக் பாக்ஸ்.

சந்தோஷம். புதுப்புடவை எடுத்தால்கூட இப்படி வராது.

அத்தை மாத்திரை மறந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம். ச்சே.

ஏப்ரல் 9, புதன்

மாட்டியாயிற்று. ப்ராசஸரை உட்கார வைக்கும்போது மூச்சையே பிடித்துக்கொண்டேன். ஒரு ஸ்க்ரூ கட்டிலடியில் ஓடிவிட்டது, தேடித் தேடி இடுப்பு போயிற்று. முதல் தடவையே ஆன் ஆனது. தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

சந்தோஷம் சாயந்திரம் வரைக்கும் நிற்கவில்லை. பென்டிரைவ் போடக் குனிந்து கேபினெட்டைத் தொட்டேன். சுருக். எறும்புக் கூட்டத்தில் கை வைத்த மாதிரி. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் இல்லை. வெறுங்காலோடு தொட்டால் சுருக்.

சேகர் வந்து பார்த்துவிட்டு, பிளக்கில் மூணாவதாக இருக்கும் எர்த் பின்னை ஒடித்துவிடலாம் என்கிறார். பழைய சிஸ்டத்தில் அப்படித்தான் ஒடித்து வைத்தாராம், அதனால்தான் ஒரு வம்பும் இல்லையாம். அதுவும் அது மரப்பெட்டிக்குள் இருந்தது, யார் தொட்டார்கள்? ஊரில் பாதி வீட்டில் அந்தப் பின் இருக்காது. அயர்ன் பாக்ஸ், மிக்சி, எல்லாம் மொட்டை. பவர் ஒயரைப் பிடுங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைக்காரர் டூப்ளிகேட் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தலையில் கட்டிவிட்டார். வேறென்ன.

ஏப்ரல் 11, வெள்ளி

கேபினெட்டைத் துண்டில் சுற்றி சேகர் வண்டியில் வைத்து எடுத்துப் போனோம். கடைக்காரர் ஆன் செய்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காட்டினார். என்னையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒன்றும் இல்லை. மானம் போயிற்று. ஆனாலும் விடவில்லை, நாலு பேர் எதிரில் டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சீல் பிரிக்காத இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். அதே சுருக்.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ் இல்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

மாத்திரை வாங்கினேன். அத்தையைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதியிருக்கிறாராம். நரம்பில் ஊசி குத்திப் பார்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். இன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 12, சனி

புழுக்கம். எல்லாவற்றையும் கழற்றினேன். போர்டு எங்காவது இரும்பில் முட்டுகிறதா என்று பார்த்தேன். ஸ்க்ரூவுக்கெல்லாம் அட்டை வாஷர் வெட்டி வைத்தேன். மாட்டினேன். காலையில் சுத்தமாக இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பதினோரு மணி வெயிலுக்குத் திரும்ப வந்துவிட்டது.

சேகர் ஒரு தாளில் 'கேபினெட்டைத் தொடும்போது செருப்பு போடவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்போடு உட்கார்ந்து தாலி கட்டும் பக்கம் முடித்தேன். இன்னும் பாதி பாக்கி. இந்தப் பெட்டியை நம்பி முன்பணம் வாங்கியிருக்கிறேன். நடுவில் போர்டு புகைந்தால் யாருக்குப் பதில் சொல்வது?

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சேகருக்கு லீவு.

அத்தை சாமி கும்பிட்டுவிட்டு வீட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பீரோ, தையல் மெஷின், சேகர் வண்டி. கடைசியில் என் ரூம். தலை குளித்த ஈரம், வெறுங்கால், விரலில் சந்தனம். நான் சொல்வதற்குள் கேபினெட்டில் வைத்துவிட்டார். கையை வெடுக்கென்று இழுத்தார். கிண்ணம் விழுந்து சந்தனம் தரையெல்லாம்.

"இன்னாடி கலை, இந்தப் பொட்டியத் தொட்டாலும் எனுக்கு நரம்பு இழுக்குது?"

நான் நின்றுவிட்டேன். அவர் நரம்பு என்கிறார். நான் கரண்டு என்கிறேன். ரெண்டு பேருக்கும் வந்தது ஒன்றுதான்.

வேறு எங்கே இழுக்கும் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். கிரைண்டர் கல்லைக் கழுவும்போது. ஃப்ரிட்ஜ் கைப்பிடி. மோட்டார் பக்கத்துக் குழாய். மூன்றும் இந்த வீட்டில் எர்த் பின் ஒடிக்காத சாமான்கள். படுக்கையில் இழுக்குமா என்றேன். இல்லை. கோயிலில்? இல்லை. டாக்டர் இதைக் கேட்டாரா என்றேன். அவர் எங்கே கேட்டார், கை சுருக்கென்று இழுக்கிறதா, வயசாயிற்று, நரம்பு என்றாராம்.

கரண்டு பார்க்கும் டெஸ்டரைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டெஸ்டரைக் கேபினெட்டில் வைத்தேன். எரிந்தது. கிரைண்டரில் வைத்தேன். எரிந்தது. காலையில் இல்லாதது வெயில் ஏறினால் வருகிறது. அப்போது இந்த வீட்டில் புதிதாக ஓடுவது ஒன்றே ஒன்று. கொட்டகைக்குப் போய் மாட்டு ஃபேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். டெஸ்டர் லைட் அணைந்துவிட்டது. திரும்பப் போய்ப் போட்டேன். எரிகிறது.

ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். போன புயலில் முருங்கை விழுந்து கொட்டகைக்குப் போகும் ரெண்டு ஒயரில் ஒன்று, கரண்டு திரும்பி வரும் நியூட்ரல், அறுந்தது. மாமா ஆளைக் கூப்பிடவில்லை. அறுந்த ஒயருக்குப் பதிலாகப் பின்பக்கம் புதைத்திருக்கும் எர்த் பைப்பில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டார். லைட் எரிந்தது. அன்றைக்கு ஆளுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று பெருமையாகச் சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது. கழனியில் இப்படிப் போடுவார்கள். சேற்றில் தெரியாது. இங்கே வெயிலில் மண் காய்ந்து கட்டியாகிவிட்டது, கரண்டு கீழே இறங்க வழியில்லை. எர்த் ஒயர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வீட்டுக்குள் வருகிறது. அந்தப் பைப்புக்குப் பக்கத்தில்தான் மாட்டையும் கட்டுகிறார்.

அத்தைக்குக் கை இழுக்க ஆரம்பித்தது புயலுக்குப் பிறகு.

கோபமா பயமா தெரியவில்லை. ரெண்டும்தான். நல்ல பார்ட்டாகத் தேடித் தேடி மாட்டினேன், மூணு பின்னோடு. அதனால்தான் தெரிந்தது. சேகர் சொன்னபடி பின்னை ஒடித்திருந்தால் இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

சேகருக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் நேராகச் சொல்லாதே, நான் மெதுவாக ஆளைக் கூட்டி வந்து சரி பண்ணுகிறேன் என்றார். மெதுவாக. மெயினை நிறுத்தி அந்த ஒயரைப் பைப்பிலிருந்து நானே பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மாமா வந்ததும் முதலில் பார்த்தது ஃபேன் நின்றதைத்தான். சொன்னேன். முடிந்த வரை பணிவாக.

"நான் போட்ட லைனு. இத்தினி மாசமா லைட்டு எரியல? உன் பொட்டி வந்தப்புறம்தான வம்பு?"

என் பொட்டி வருவதற்கு முன்பிருந்தே அத்தைக்கு இழுக்கிறது மாமா என்றேன். துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அத்தை அடுப்படியில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 17, வியாழன்

ஏம்பலத்திலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். கொட்டகைக்குப் புதுசாக ரெண்டு ஒயரும் இழுத்தார். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். எல்லா பின்னும் திரும்பப் போடச் சொன்னேன், சேகரே ஒவ்வொரு பிளக்காக எடுத்துக் கொடுத்தார். கேபினெட்டில் ஒட்டிய தாளைக் கிழித்தாயிற்று.

வி.னூர் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் போகத் தைரியம் இல்லை. போனில் பார்ப்போம்.

ஃபேன் ஓடும்போது அத்தையைக் கூப்பிட்டு கிரைண்டரைத் தொடச் சொன்னேன். மாட்டேன் என்றார். நான் தொட்டுக் காட்டினேன். ஈரக்கையோடு ஒரு விரல் வைத்தார். அப்புறம் உள்ளங்கை. அப்புறம் ரெண்டு கையும். எடுக்கவே இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வேறு மாதிரி ஆயிற்று.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். அத்தை சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் கிரைண்டர் மேலயே வுழுந்து செத்திருந்தா இன்னா சொல்லியிருப்ப? நரம்புன்னுதான சொல்லியிருப்ப?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். சேகர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனார். நான் எங்கே போவது, அங்கேயே நின்றேன். நானும் மாத்திரை வாங்க மறந்தவள்தானே.

மாமா சாப்பிடாமல் எழுந்து கொட்டகைக்குப் போனார். அத்தை தட்டை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆல்பம் பாக்கி ஆறு பக்கம். மாடு இன்றைக்கு உதைக்கவில்லை.