தளர்த்தி வைத்த பஞ்சு

இன்று நாமக்கல் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி மடியில் முட்டை அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அட்டை வாசனை உன்னைக் கொண்டுவந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் நாமும் அப்படித்தான் சேலத்து ஆய்வகத்துக்கு முட்டை கொண்டுபோவோம். அடைகாக்கும் பெட்டியில் வைத்து, உள்ளே கரு வளர்ந்ததும் அதன் செல்களைப் பிரித்துக் கண்ணாடிப் புட்டியில் வளர்ப்போம். அவை அடியில் பாய் விரித்ததுபோல் படரும். மேற்கே காட்டுப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த, உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலின் வைரஸை அதன்மேல் விடுவோம். பாயில் ஓட்டை விழுந்தால் வைரஸ் உயிரோடிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முட்டையை உடைக்கும்போதும் நான் சிலுவை போட்டுக்கொள்வேன், நீ சிரிப்பாய்.

வைரஸ் கலந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் வாயால்தான் உறிஞ்ச வேண்டும். அது உன் வேலை. நீர் வாய்க்கு ஏறிவிடாமல் குழாயின் மேல்முனையில் பஞ்சு அடைப்பது என் வேலை.

"இப்படிக் கெட்டியா அடைச்சீன்னா எப்படிப் புள்ள உறிஞ்சறது? தாடையே வலிக்குது" என்றாய்.

பாவமே என்று தளர்த்தி வைத்தேன். மூன்றாம் நாள் நீர் பஞ்சைத் தாண்டி உன் வாய்க்குள் போயிற்று. துப்பினாய், ஸ்பிரிட் ஊற்றிக் கொப்பளித்தாய்.

"அய்யாகிட்டச் சொல்லிப்போடாத. அப்பறம் என்னய மேசைப் பக்கமே உட மாட்டாங்க."

நானும் வாயை மூடிக்கொண்டேன். உனக்காகத்தான் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பஞ்சு வைத்தவள் நான், அதுதான் காரணம்.

ஒரு வாரத்தில் உனக்குக் காய்ச்சல். டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். ஈறில் ரத்தம் கசிந்த பிறகே உன் ரத்தத்தை எடுத்துச் செல்களில் விட்டார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. செல்கள் பதில் சொல்ல ஐந்து நாளாகும், நீ மூன்றாம் நாளே போய்விட்டாய். உன்னை எடுத்த மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். பாய் முழுக்க ஓட்டை.

வீட்டில் எருமை இருக்கிறது, உண்ணி கடித்திருக்கும் என்று அறிக்கை எழுதினார்கள். அதைச் சொல்லிவர, திருச்செங்கோட்டுப் பக்கம் உன் ஊருக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குளிப்பாட்டையில உடம்பு பூராப் பாத்தனே சாமி, ஒரு கடிகூட இல்லையே. எங்க கடிச்சுது?"

"முடிக்குள்ள இருந்திருக்கும்மா" என்றேன்.

"தெனமும் நாந்தான தலை வாரி உட்டேன், எங்கண்ணுல படலியே!" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

சாகும்வரை அதையே சொல்லி அழுதாராம். அது என் பழி. அவரிடமிருந்து நான் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை.