சாட்சிக்கு ஒரு டம்ளர் பால்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேரில் பேசினால் "உனக்கு விசுவாசமே இல்ல" என்று எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் எழுதி உங்கள் டிபன் பாக்ஸ் பையில் வைக்கிறேன்.

ஜெபத்தால்தான் பாப்பாவின் வயிறு சரியானது என்று மர்பி டவுன் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். நானும்தான் ஜெபித்தேன். ஆனால் டாக்டர் சொன்னபடி பாலை நிறுத்திய பிறகே மலத்தில் ரத்தம் நின்றது. போன வாரம் உங்கள் தங்கை கொடுத்த பிஸ்கட்டில் பால்பவுடர் இருந்திருக்கிறது. அன்று பாப்பா சுருண்டு துடித்தபோது நீங்கள் ஆபீஸில் இருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் அவளைப் பால் குடிக்கவைத்துச் சாட்சி சொல்லப்போகிறீர்களாம். பாஸ்டரம்மா வெள்ளி டம்ளர்கூட எடுத்து வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் யார் பால் கொடுத்தாலும் பாப்பா வாயை இறுக மூடிக்கொள்கிறாள்.

நீங்கள் கொடுத்தால் குடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா